வடசேரியில் 24 சென்ட்

நாகர்கோவில் வடசேரியில், பேருந்து நிலையத்திலிருந்தும் கனகமூலம் சந்தையிலிருந்தும் நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், 24 சென்ட் நிலம் ஒன்று இருக்கிறது. முன்பு அதில் ஓர் ஓட்டு வீடும், அதன் பின்னால் ஆறு அறைகள் கொண்ட லைன் வீடும், ஒரு கிணறும், இரண்டு பலா மரங்களும் இருந்தன. இன்று அங்கே 15 அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. இந்த மாற்றத்துக்கான பத்திரங்கள் ஏறக்குறைய எல்லாவற்றையும் எழுதியவன் நான். தொழில் பத்திர எழுத்து. தெருவின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் எழுதப்போவதில்லை. எங்கள் ஊரில் தெருவைச் சொன்னால் வீடு தெரிந்துவிடும், வீடு தெரிந்தால் யார் யாரோடு பேசுவதில்லை என்பது வரைக்கும் தெரிந்துவிடும்.

ஒரு பகுதியில் நிலத்தின் விலை ஏறி, பழைய ஆட்கள் போய், வசதி உள்ள புதியவர்கள் வருவதைப் பெருநகரங்களில் பெரிய நிறுவனங்களின் வேலையாகவே பேசுகிறார்கள். இங்கே கதை வேறு விதமாகத் தொடங்குகிறது. இந்த வீட்டை இடித்த பில்டர் உள்ளூர்க்காரர். இருபது ஆண்டுகளுக்கு முன் கொத்தனார்களை வைத்து வீடு கட்டிக்கொடுத்த காண்டிராக்டர். அவர் அந்தத் தெருவுக்குள் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே வீட்டில் விரிசல் விழுந்துவிட்டது.

மூலப்பத்திரம்

பில்டர் முதலில் கேட்டது மூலப்பத்திரத்தை. அது மலையாளத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 வரை இந்த மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்ததால் இதில் வியப்பில்லை. தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும்; 824 அல்லது 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். வங்கிக் கடன் வேண்டுமென்றால் இத்தகைய பத்திரங்களைத் தமிழாக்கம் செய்து வழக்கறிஞரின் கருத்துரையோடு கொடுக்க வேண்டும். மலையாளக் கையெழுத்தைத் தடங்கலின்றி வாசிக்கத் தெரிந்த பத்திர எழுத்தர்கள் இன்று எங்களில் சிலரே. எனக்கு என் ஆசான் சொல்லிக்கொடுத்தார்.

வாசித்தபோது தெரிந்தது, அந்த 24 சென்டே ஒரு பாகப்பிரிவினையில் பிறந்தது என்பது. நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்களில் அப்போது மருமக்கள் வழி. சொத்து பெண்வழியில் போகும், குடும்பத்தின் மூத்த ஆணான காரணவர் ஆள்வார், அப்பனின் சொத்தில் பிள்ளைகளுக்கு உகந்துடைமை என்று ஏதோ கொஞ்சம் கிடைக்கும். 1926-இல், அதாவது கொல்லம் 1101-இல், திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தைக் கொண்டுவந்து கூட்டுச் சொத்தைப் பிரித்துக்கொள்ள வழி திறந்தது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து இந்தக் குடும்பமும் பிரிந்தது. வயல்கள் ஒரு தாவழிக்கும் (ஒரு தாயின் வழிவந்த கிளை), தோட்ட நிலமான விளைகள் இன்னொரு தாவழிக்கும் போக, வீட்டடி 24 சென்ட் ஒரு பெண்ணின் பங்காக வந்தது. இப்போது அந்த நிலத்துக்காகச் சண்டையிட்ட ஐந்து உடன்பிறப்புகளின் பாட்டி அவர்.

அதே பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. வடக்கு வீட்டாருக்கு இந்தக் கிணற்றில் தண்ணீர் கோரவும், அதற்கு நடந்து வரவும் உரிமை உண்டு என்று. ஐந்து பேரில் ஒருவருக்கும் இது தெரியாது. வடக்கு வீட்டாருக்கும் தெரியாது, நான் சொல்லும் வரை. அந்த வரியைப் பார்த்த அன்று பில்டர் என்னிடம் பேசிய தொனியை இங்கே எழுத வேண்டாம். பிறகு வடக்கு வீட்டார் அந்த உரிமையை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள், சும்மா அல்ல. கிணற்றில் வாளி விட்டு முப்பது ஆண்டுகள் ஆன ஒரு குடும்பத்துக்கு, அந்தக் கிணற்றை மூடுவதற்காகப் பணம் கிடைத்தது.

ஐந்து பேர், ஐம்பது அடி

அம்மா இறந்தபோது பிள்ளைகள் ஐவர். மூத்தவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். அடுத்த அக்கா திருவனந்தபுரத்தில், அடுத்தவர் மஸ்கட்டில், அதற்கடுத்த தங்கை சென்னையில். கடைசித் தம்பி மட்டும் அம்மாவோடு அந்த வீட்டிலேயே இருந்தவர். ஐந்து பேருக்கும் சம பங்கு. 24-ஐ ஐந்தால் வகுத்தால் ஆளுக்கு 4.8 சென்ட். தாளில் அழகாக இருக்கிறது.

நிலத்தில் அப்படி இல்லை. பழைய நாஞ்சில் நாட்டு வீட்டடிகள் பலவற்றைப் போல இதுவும் நீளமானது: தெருவில் 50 அடி முகப்பு, உள்ளே ஏறக்குறைய 209 அடி ஆழம். முகப்பை ஐந்தாகக் கீறினால் ஆளுக்கு 10 அடி அகலத்தில் ஒரு ரயில் பெட்டி கிடைக்கும். குறுக்கே ஐந்தாகப் பிரித்தால் முன்னால் உள்ளவருக்கு மட்டுமே தெரு. மற்ற நால்வருக்கும் வழி விட வேண்டும். 10 அடி வழியை ஐந்தாவது துண்டு வரை கொண்டுபோனால் வழிக்கு மட்டும் ஏறக்குறைய 4 சென்ட் போய்விடும். ஒருவருடைய பங்கில் பெரும்பகுதி நடைபாதையாகிவிடுகிறது என்று பொருள். அது யாருடைய பங்கிலிருந்து கழியும்?

இந்தக் கேள்வி இரண்டரை ஆண்டு நடந்தது. நான் மூன்று வரைபடங்கள் போட்டேன். முன் துண்டு யாருக்கு என்பதில் ஒவ்வொன்றும் நின்றது. "அம்மாவைப் பார்த்துக்கொண்டது நான்" என்றார் தம்பி. "அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அனுப்பியது யார்?" என்று மஸ்கட்டிலிருந்து தொலைபேசியில் கேட்டார் அண்ணன். சென்னைத் தங்கை, "எனக்கு நிலம் வேண்டாம், பணமாகக் கொடுத்துவிடுங்கள்" என்றார். பணமாகக் கொடுக்க மற்றவர்களிடம் பணம் இல்லை.

வெளியாருக்கு மொத்தமாக விற்றுப் பங்கு போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். அப்போது, 2017 ஜூன் முதல், கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை, மாற்றுத் தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்து 11 சதவீதம். வாங்குகிறவர் அதையும் கணக்கில் வைத்தே விலை கேட்பார். 2023-இல்தான் பதிவுக் கட்டணம் 4-இலிருந்து 2 சதவீதமாகி மொத்தம் 9-க்கு வந்தது, கூடவே, தீர்வைக்காக அரசு வைக்கும் நில விலையான வழிகாட்டி மதிப்பும் ஏறியது. குடும்பத்துக்குள் பாகம் பிரித்தால் முத்திரைத் தீர்வை பாகத்துக்கு 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு: 25,000 ரூபாயாக இருந்து 2023 ஜூலையில் 40,000 ஆயிற்று. ஆகப் பிரிப்பது மலிவு, விற்பது செலவு. ஆனால் பிரிக்க முடியாத வடிவத்தில் நிலம் இருந்தது.

பில்டர் வந்தது இந்த இடைவெளிக்குள். அவர் விற்றது வீடு அல்ல, வகுத்தல் கணக்கு என்றே எனக்குத் தோன்றுகிறது. நிலத்தைப் பிரிக்க வேண்டாம், மேலே கட்டிப் பிரித்துக்கொள்ளலாம் என்றார். சில ஆண்டுகளுக்கு முன்னால் இதையே இந்தத் தெருவில் வேறொருவர் சொல்லியிருந்தால் எடுபட்டிருக்காது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், உயரம் குறைந்த கட்டடங்களுக்கான தளப்பரப்புக் குறியீட்டை, அதாவது மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கை, 1.5-இலிருந்து 2 ஆக்கின. 24 சென்ட் என்பது 10,454 சதுர அடி. அதில் முன்பு 15,700 சதுர அடிக்குள் கட்ட வேண்டியது இப்போது 20,900 வரை போகலாம். அதே ஆண்டில் நாகர்கோவில் நகராட்சி மாநகராட்சியும் ஆனது. தரகர்களின் வாயில் "மாநகராட்சி எல்லை" என்ற சொல் ஒரு சென்டுக்கு எவ்வளவு ஏற்றிக்கொடுத்தது என்பதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

வாகனம் நிறுத்தக் கீழ்த்தளம், மேலே மூன்று மாடி, மாடிக்கு ஐந்து என்று 15 வீடுகள். நில உரிமையாளர்களுக்கு 6, பில்டருக்கு 9. ஆளுக்கு ஒன்று போக ஆறாவது வீடு தம்பிக்கு, அம்மாவைப் பார்த்துக்கொண்டதற்காக. இதற்கு மூத்தவர் சம்மதித்ததுதான் இந்தக் கதையில் நான் கண்ட ஒரே பெருந்தன்மை. மஸ்கட் அண்ணன் இன்று வரை தம்பியோடு பேசுவதில்லை.

கணக்கை இப்படியும் பார்க்கலாம். 24 சென்டை 15 வீடுகளுக்குப் பிரித்தால் வீடு ஒன்றுக்குப் பிரிபடாத பங்கு 1.6 சென்ட். 4.8 சென்டுக்கு உரிமையாளராக இருந்தவர் கையெழுத்துப் போட்ட பிறகு 1.6 சென்டுக்கு உரிமையாளர். அதையும் தனியே அளந்து கல் நட முடியாது. பத்திரத்தில் இந்த எண்ணை எழுதும்போது சென்னைத் தங்கை, "அண்ணாச்சி, இதில் என்னுடைய 1.6 எந்தப் பக்கம் இருக்கிறது?" என்று கேட்டார். எல்லாப் பக்கமும்தான் என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

பன்னிரண்டு என்ற எண்

ஓர் இடைச்செருகல். எங்கள் ஊர்ப் பில்டர்களிடையே 12 சென்டுக்குத் தனி மவுசு உண்டு. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 3-ஆவது பிரிவில், நிலம் 500 சதுர மீட்டருக்கு மிகாமலோ வீடுகள் எட்டுக்கு மிகாமலோ இருந்தால் கட்டுமானத் திட்டத்தை ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டாம் என்கிறது. 12 சென்ட் என்பது 486 சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இதைக் கண்டுபிடித்தவர் யாரோ, நன்றாகக் கணக்குப் படித்தவர்.

24-ஐ இரண்டு 12 ஆக்கி, இரண்டு அனுமதி வாங்கி, நடுவில் சுவர் வைக்காமல் கட்டிவிடலாம் என்ற யோசனை இங்கும் வந்தது. சட்டத்தில் "எல்லாக் கட்டங்களும் உட்பட" என்று ஒரு தொடர் இருப்பதை நான் படித்துக் காட்டினேன். திருவனந்தபுரத்து அக்கா ஒரே வார்த்தையில் முடித்தார்: பதிவு இல்லையென்றால் என் கையெழுத்து இல்லை. பதிவு நடந்தது. அதனால் ஆறேழு மாதம் தள்ளிப்போனது. அந்த மாதங்களில் இரும்பு விலையைக் காட்டிப் பில்டர் அலுத்துக்கொண்டார். ஆனால் வாங்கியவர்களுக்கு வங்கிக் கடன் எளிதாகக் கிடைத்ததற்கு அந்தப் பதிவுதான் காரணம் என்பதைப் பின்னால் அவரே ஒப்புக்கொண்டார்.

வாங்கியவர்கள் யார்? வளைகுடாவில் செவிலியராக இருக்கும் ஒரு தம்பதி. கூடங்குளம் அணுமின் நிலையத்தில் வேலை செய்யும் ஒருவர். கடற்கரை ஊரிலிருந்து பிள்ளைகளின் படிப்புக்காக நகரத்துக்கு வந்த ஒரு குடும்பம். தோட்டத்து வீட்டைப் பராமரிக்க முடியாமல் விற்றுவிட்டு வந்த ஓய்வுபெற்ற இரு கல்லூரி ஆசிரியர்கள். இவர்களில் ஒருவரும் ஊருக்குப் புதியவர் இல்லை, எல்லாரும் இதே மாவட்டத்தார். 1,684 சதுர கிலோமீட்டரில் 2011 கணக்குப்படியே 18.7 லட்சம் பேர். ஒரு பக்கம் மலையும் காடும், மறு பக்கம் கடல். நூற்றுக்கு 82 பேர் நகர்ப்புறத்தார் என்று அந்தக் கணக்கே எழுதியிருக்கிறது. எங்கே போவார்கள்?

மேசைக்கு வராதவர்கள்

இதுவரை நான் சொன்ன ஒவ்வொருவருக்கும் என் அலுவலகத்தில் ஒரு கோப்பு உண்டு. முப்பது ஆண்டு கிணற்றுப் பக்கம் வராத வடக்கு வீட்டாருக்கும் உண்டு. லைன் வீட்டில் இருந்த ஆறு குடித்தனங்களுக்கு இல்லை.

அவர்களில் மூத்த குடித்தனம் நாற்பது ஆண்டுக்கு மேல். கோயில் நகை செய்கிறவர். வடசேரியின் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. வெள்ளியில் வடிவம் செய்து, கெம்புக் கல் பதித்து, பொற்றகடு போர்த்திச் செய்யும் அந்த நகைகளைச் சாமிக்கும் பரதநாட்டியக்காரர்களுக்கும் வாங்கிப்போகிறார்கள். இந்த வேலைக்குக் காலை வெயில் வேண்டும், தரையில் உட்கார இடம் வேண்டும், அரக்கு உருக்கும் அடுப்புக்குப் பக்கத்து வீட்டார் முகம் சுளிக்காமல் இருக்க வேண்டும். கிழக்குப் பார்த்த லைன் வீட்டுத் திண்ணையில் மூன்றும் இருந்தன. மற்ற குடித்தனங்களில் ஒரு தையற்காரர், சந்தையில் கீரை விற்கும் ஓர் அம்மா, தோவாளைச் சந்தையிலிருந்து பூ வாங்கி வந்து கட்டிக் கொடுக்கும் இரு சகோதரிகள், ஆட்டோ ஓட்டுநர், ஜவுளிக்கடையில் வேலை செய்யும் ஒரு பெண்ணும் அவருடைய மகனும்.

வாடகை கையில் கொடுத்துக் கையில் வாங்கியது. ஐவரின் அம்மா ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தார், அவ்வளவுதான். 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை, எழுத்து இல்லாத குடித்தனத்துக்கும் நீதிமன்றத்தில் நின்று பேச ஓர் இடம் இருந்தது. 2019 பிப்ரவரி 22-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியதோடு, ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதையே வெளியேற்றுவதற்கான காரணங்களில் ஒன்றாக வைத்தது. சட்டம் போட்டவர்கள் வாடகைதாரருக்கும் பாதுகாப்பு என்றுதான் சொன்னார்கள். ஒப்பந்தம் கேட்டால் வாடகை ஏறும், கேட்காவிட்டால் உரிமை போகும் என்ற நிலையில், அந்த அறுவரில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. அதே தெருவில் வாரத்துக்கு இரண்டு முறை நடந்தவன் நான்.

மூன்று மாத அவகாசம் கொடுத்தார்கள். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்து, மேலே இரண்டு மாத வாடகையும் கொடுத்தார்கள். ஊர் வழக்கத்தில் இது தாராளம். தலைமை ஆசிரியர் ஒவ்வொரு வீட்டுக்கும் தானே போய்ச் சொன்னார். நகை செய்பவரின் வீட்டில் காப்பி குடித்துவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பி, மறுநாள் மறுபடி போனதாகப் பிறகு என்னிடம் சொன்னார்.

ஓட்டு வீட்டை இடித்தபோது அயினி மரத்து உத்திரங்களும் தேக்குக் கதவுகளும் தனியாக விலை பேசப்பட்டன. லைன் வீட்டில் விலை பேச எதுவும் இல்லை. அது ஒரு காலை நேரத்தில் முடிந்தது.

அவர்கள் போன திசை ஆராயத்தக்கது. தையற்காரரும் ஆட்டோ ஓட்டுநரும் நகரத்துக்குள்ளேயே சிறிய அறைகளுக்குப் போனார்கள். மற்றவர்கள் புத்தேரிக்கும் இறச்சகுளத்துக்கும் போனார்கள். கீரை விற்கும் அம்மாவும் பூக்கட்டும் சகோதரிகளும் அவ்வளவு தூரம் போகத் துணிந்ததற்குக் காரணம் எளியது: 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தத் திட்டம் இல்லாதிருந்தால் நகரத்துக்குள் இன்னும் இருண்ட ஓர் அறையில் அதிக வாடகைக்கு ஒடுங்கியிருப்பார்கள். வாடகையில் குறைந்ததைப் பேருந்தில் இழக்காமல் போனது அவர்களுக்கு மட்டும். நகை செய்பவர் தினமும் டிக்கெட் எடுத்துத்தான் வடசேரிக்கு வருகிறார், கல் வாங்கவும் செய்ததைக் கொடுக்கவும்.

புதிதாகப் போன இடமோ நேற்று வரை வயலாக இருந்தது. கன்னிப்பூவும் கும்பப்பூவுமாக இரண்டு போகம் விளைந்த ஏலாக்கள், பேச்சிப்பாறைத் தண்ணீர் கடைமடைக்கு வராத ஆண்டுகளில் ஒரு போகமாகி, பிறகு மண்ணடித்து மனையாகின. களியக்காவிளைக்கு அப்பால் கேரளத்தில் 2008 முதல் நெல்வயலையும் சதுப்பு நிலத்தையும் காக்கத் தனிச் சட்டம் இருக்கிறது. இப்பால் அப்படி ஒன்று இல்லை. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளின் பதிவைத் தடை செய்தபோது எங்கள் அலுவலகங்கள் சில மாதம் ஈயோட்டின. அடுத்த மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட மனைகளுக்குக் கட்டணம் கட்டினால் போதும். வயல், மனை ஆனது ஆனதுதான். 2021 நவம்பர் மழையில் நாகர்கோவிலைச் சுற்றிய பல இடங்களில் தண்ணீர் வந்து நின்றபோது, அது தன் பழைய இடத்தைத் தேடி வந்திருந்தது. ஜவுளிக்கடைப் பெண்ணின் வாடகை வீட்டில் முழங்கால் அளவு. வடசேரித் தெருவில் ஒரு மணி நேரத்தில் வடிந்துவிட்டது.

தெருவில் மிச்சம் இருப்பவர்கள்

தெருவின் நடுவில் இன்னொரு பெரிய ஓட்டு வீடு. அதில் ஓர் அம்மா தனியாக இருக்கிறார். 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்ந்தபோது, சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் உள்ள வீடுகளுக்கு 25 சதவீதம், 1,800-க்கு மேல் 100 சதவீதம் என்று வைத்தார்கள். பெரிய வீடு என்றால் பெரிய வருமானம் என்பது கணக்கு. இந்த அம்மாவின் வீடு பெரியது, வருமானம் குடும்ப ஓய்வூதியம். புதிய 15 வீடுகளில் எதுவும் 1,200 சதுர அடியைத் தாண்டாததால் 50 சதவீத வரிசையில் இருக்கின்றன. வரியால் அவர் போய்விடப்போவதில்லை. ஆனால் மாதம் ஒரு தரகராவது வந்து திண்ணையில் உட்கார்ந்து, வரிச்சீட்டைப் பற்றி அனுதாபத்தோடு விசாரிக்கிறார்.

கிணறு மூடப்பட்டு இரண்டு ஆழ்துளைக் கிணறுகள் போடப்பட்டன. முக்கடல் அணைத் தண்ணீர் குழாயில் வராத நாட்களில் அவை ஓடுகின்றன, கோடையில் வண்டித் தண்ணீர் வருகிறது. தன் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் முன்பைவிடக் கீழே போயிருக்கிறது என்கிறார், தனித்திருக்கும் அந்த அம்மா. ஆழ்துளைக் கிணற்றால்தானா, மழை குறைவாலா என்று என்னால் சொல்ல முடியாது.

தெரு கெட்டுவிட்டது என்று நான் எழுதத் தயாராக இல்லை. மாலையில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள், முன்பு அங்கே பிள்ளைகளே இல்லை. செவிலியர் தம்பதியின் அம்மாவும் தனித்திருக்கும் அம்மாவும் சேர்ந்து நாகராஜா கோயிலுக்குப் போகிறார்கள். தெரு முனையிலிருந்த இட்லிக் கடை போய், தேநீர்க் கோப்பைக்கு மூன்று மடங்கு விலை வைக்கும் கடை வந்திருக்கிறது. அதில் கூட்டமும் இருக்கிறது.

பில்டரின் ஒன்பதில் கடைசி இரண்டு வீடுகளை நான் எழுதியது 2023 டிசம்பர் 1-க்குப் பிறகு. அதிலிருந்து நிலத்தின் பிரிபடாத பங்குக்கும் கட்டடத்துக்கும் சேர்த்து ஒரே மதிப்பில் பத்திரம் எழுத வேண்டும். 50 லட்சம் வரை 4 சதவீதம் முத்திரைத் தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம். இரண்டும் 50 லட்சத்துக்குச் சற்றுக் கீழே நின்றன. எப்படி அவ்வளவு சரியாக நின்றன என்று நான் கேட்கவில்லை.

சில வாரங்கள் கழித்து நகை செய்பவர் என் அலுவலகத்துக்கு வந்தார், முதல் முறையாக. புத்தேரி வீட்டுக்காரர் இளைஞர், சட்டம் அறிந்தவர், 11 மாத ஒப்பந்தம் கேட்டிருக்கிறார். எழுதத் தொடங்கினேன். வாடகைதாரரின் நிரந்தர முகவரி என்ற இடத்தில் நின்று, ஆதார் அட்டையைக் கேட்டேன். அதில் வடசேரி முகவரியே இருந்தது, லைன் வீட்டின் கதவு எண்ணோடு.

"அந்த எண் இப்போது கிடையாதே?" என்றேன்.

"அட்டையில் இருக்கிறதே அண்ணாச்சி" என்றார்.

அட்டையில் இருந்தபடியே எழுதினேன்.